நான் வளைத்த எல்லைக்கோடு

அந்தக் கோட்டை வளைத்தவள் நான்தான்.

சர்வேயர் இல்லை. அரசாங்கம் இல்லை. 'மேலேயிருந்து வந்தது' என்று எத்தனையோ முறை விரல் நீட்டிக் காட்டினேனே, அந்த முகமில்லாத மேலிடமும் இல்லை. குன்னூரில், என் வீட்டு முன்னறையில், ஒரு மத்தியான வேளையில், ஆறிப்போன தேநீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு எண்களை மாற்றினேன். ஒரு வீடு காட்டுக்குள் போய்விட்டது. அந்த வீட்டில் மூச்சுக்குத் தவித்தபடி ஒரு மனிதர் இருந்தார். அவர் அங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

தெரிந்தேதான் செய்தேனா?...

இந்தக் கேள்வியோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறேன். இன்று உன்னிடம் கொண்டுவந்திருக்கிறேன். நீ யாரென்று எனக்குத் தெரியாது, அதுதான் வசதி. சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் வழி எனக்கு அடைபட்டுவிட்டது. எப்படி அடைபட்டது என்பதையும் சொல்லத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேள்.

என் பிழைப்பு வரைபடம் செய்வது. மையும் அளவுகோலும் கொண்டு செய்வதில்லை. கணினியில், 'ஆர்' என்றொரு நிரல்மொழியில். மாவட்டம், தாலுகா, கிராமம், காடு என எல்லைகள் எல்லாம் கோப்புகளாக வரும். 'இந்தக் கோப்பைப் படி' என்று ஒரு வரி எழுதுவேன். 'இதை வரை' என்று இன்னொரு வரி. திரையில் நீலகிரி எழுந்து நிற்கும்! உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர்... உதிர்ந்த இலைகளை யாரோ பொறுக்கி விளிம்போடு விளிம்பு ஒட்டவைத்தாற்போல.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒவ்வோர் இலையும் வெறும் புள்ளிகள்தாம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள்: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு. புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு. அந்தக் கோடு ஓரிடத்தில் கிளம்பி, சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே முடிந்தால் அதற்குப் பெயர் ஊர்.

வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த என் அப்பாவுக்குக் கடைசி வரை ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. அவர் மகள் ஒரே வரியில் ஒரு மலைமாவட்டத்தையே மடியில் ஏற்றிக்கொள்கிறாள்! அந்தக் கர்வத்தை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. கர்வமும் இந்தக் குற்றத்தில் ஒரு பங்காளி.

வரைபடம் சோறு போட்டது. வசனகவிதை என்னை அலையவைத்தது. சொல் தேடி மலையில் நடப்பேன். மழை வந்தால் எங்காவது ஒதுங்குவேன். அப்படி என் வீட்டு ஜன்னலுக்கு எதிர்ச்சரிவில் ஒதுங்கிய ஒரு வீட்டில்தான் மாணிக்கம் அண்ணனையும் அவர் மனைவி பாக்கியத்தையும் கண்டேன்.

அண்ணன் சிறுபிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். வளர்ந்தபின் எஸ்டேட் ஃபேக்டரியில், தேயிலைத் தூசுக்கு நடுவே, வாழ்நாளெல்லாம் நின்றவர். ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்திருந்த, வரிசை அறைகளில் ஒன்றான லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம், கிராம நிலத்தில், ஒரு துண்டு வாங்கி, தானே கல் சுமந்து ஒரு வீடு கட்டினார். சொந்த வீடுதான், ஆனாலும் பழக்கத்தில் அதையும் லயத்து அறையைச் சொல்வதுபோல 'காம்பரா' என்றே சொல்வார். ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. ஓடைதான் எல்லை.

"அது காட்டு மாட்டுக்கும் தெரியும் தங்கச்சி," என்பார். "ஆனா மதிக்காது."

அந்த முதல் மழையில் நான் கிளம்ப எழுந்தபோது மறித்தார். "தேத்தண்ணி குடிக்காம போக ஏலாது."

"அவங்க குன்னூர் டீ குடிக்கறவங்க," என்றாள் பாக்கியம். "உங்க கசாயத்தக் குடிச்சாங்கன்னா அப்பறம் இந்தப் பக்கமே வர மாட்டாங்க."

"கசாயமா? கப்பலேறி வந்த கைப்பக்குவம்டி இது!"

சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. பாக்கியம் அவர் முதுகில் கைவைத்து நின்றாள். மழை நிற்கக் காத்திருப்பவளைப் போல.

பிறகு அடிக்கடி போனேன். அவர் கப்பலைப் பற்றிச் சொன்னார். நான் அதை வசனகவிதையாக்கினேன். அவர் இருமலையும்கூட... ஆம், அதையும் எழுதினேன்! பாராட்டினார்கள். பார், எவ்வளவு அருகில் இருந்திருக்கிறேன்! அந்த வீட்டின் வாசற்கல் எத்தனை சாய்வு என்பதுவரை எனக்குத் தெரியும்.

தூசு படிந்த நுரையீரல், இனி வீட்டிலேயே பிராணவாயு வேண்டும் என்றார் டாக்டர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கும் மகள், காற்றிலிருந்து பிராணவாயு பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை எப்படியோ வாங்கி அனுப்பினாள். வந்தது. கட்டில் அருகே வைத்தார்கள். அந்த வீட்டில் மின்சாரம் இல்லை. சோலார் விளக்கு ஒன்று உண்டு. அது விளக்குக்குத்தான் காணும். இயந்திரத்தின்மேல் பாக்கியம் ஒரு துண்டைப் போர்த்தி வைத்தாள்.

"சீக்கிரம் கம்பம் நடறாங்களாம் அக்கா," என்றாள். "வீடுவீடா வந்து போன்ல இடத்தக் குறிச்சுட்டுப் போனாங்க."

குறித்துக்கொண்டு போன அந்த எண்கள் எங்கே வந்தன தெரியுமா? என்னிடம்.

எந்த அலுவலகம் அனுப்பியது என்று கேட்காதே. அவர்கள்மேல் தப்பில்லை. மின்சாரம் இல்லாத வீடுகளின் பட்டியல். பெயர் கிடையாது, இடம் மட்டும். ஒவ்வொரு வீடும் கிராமத்துக்குள் இருக்கிறதா, காட்டுக்குள் இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். கிராமம் என்றால் உடனே கம்பி. காடு என்றால் அனுமதி, கடிதம், காத்திருப்பு... அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

கிராம எல்லையை ஒரு வரியில் ஏற்றினேன். காட்டு எல்லையை இன்னொரு வரியில் ஏற்றினேன். வீடுகளை அவற்றின்மேல் தூவினேன். 'நீ எதற்குள் இருக்கிறாய்?' என்று ஒவ்வொரு வீட்டையும் நிரல் கேட்டது. எல்லாம் பதில் சொல்லின. ஓடையோரத்தில் ஒரு வீடு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டம் காலியாக நின்றது.

காரணம் எளிது. கிராமத்தின் எல்லையை ஒருவர் ஒரு தாளிலிருந்து எடுத்திருந்தார். காட்டின் எல்லையை வேறொருவர் வேறொரு தாளிலிருந்து எடுத்திருந்தார். இரண்டும் ஓடையில் சந்தித்திருக்க வேண்டும். கிராமத்தின் கோடு ஓடைக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. நடுவே மெல்லிய முக்கோணமாக ஓர் இடைவெளி. தையல் விட்ட சட்டையில் தோள் தெரிவதுபோல. அந்த இடைவெளியில், எந்த ஊருக்கும் எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லாமல், அந்த வீடு இருந்தது.

அலுவலகத்து அதிகாரியிடம் போனில் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், காலியா இருந்தா மேல வாங்க மாட்டாங்களே," என்றார். "ஒரு கட்டங்கூடக் காலியா இருக்கக்கூடாதுங்க. இன்னைக்குச் சாயங்காலமே அனுப்போணும். எப்படியாச்சும் பார்த்து முடிச்சுக் குடுத்துடுங்க."

எப்படியாச்சும்!...

இரண்டு வழிகள் இருந்தன. கிராமத்தின் கோட்டை ஓடைவரை நீட்டுவது ஒன்று. ஓடையோ பாம்புபோல் நெளிகிறது. ஒவ்வொரு நெளிவிலும் புள்ளி வைக்க வேண்டும், நாள் முழுக்க வேலை. மற்றது, காட்டின் கோட்டில் ஒரே ஒரு புள்ளியை ஓடைக்கு இப்பால் இழுத்துக் கிராமத்தின் மூலையோடு ஒட்டுவது. ஒரே புள்ளி. இரண்டே எண்கள்.

எது சரி என்று யோசித்தேனா? இல்லை... எது குறைந்த வேலை என்று யோசித்தேன்.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தேன், அதை மறுக்கவில்லை. சரியாக அந்த இடத்தின்மேல் ஒரு மேகம். இந்த மலையை எப்போது மேலிருந்து படமெடுத்தாலும் ஏதோ ஒரு மூலையில் மேகம் இருக்கும். அன்று அது அங்கே இருந்தது. மேகத்தின் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கா தெரியாது! அந்த மேகத்தின் கீழே சாய்ந்த வாசற்கல் இருக்கிறது. துண்டு போர்த்திய இயந்திரம் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதது எனக்கு எத்தனை சௌகரியமாக இருந்தது...

எண்களை மாற்றினேன். நிரலை ஓட்டினேன். எல்லாக் கட்டங்களும் நிரம்பின. ஓடையோரத்து வீட்டுக்கு எதிரே 'காடு' என்று வந்தது.

நிரலில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: 'தற்காலிகம். நேரில் பார்த்துத் திருத்தவும்.' நேர்மையான குறிப்பு. அதை விட்டிருந்தால்கூட இன்று நான் பாதி மனுஷியாகவாவது இருந்திருப்பேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. முடிந்த வேலையில் முடியாத ஒன்று துருத்திக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அழித்தேன்.

புள்ளியை இழுத்தது சோம்பல். குறிப்பை அழித்தது என்ன? அதற்கு இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. சொல்லை விற்றுப் பெயர் வாங்கியவளுக்கு!

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். காலியாகவே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் நினைத்துப் பார்த்தேன். அதிகாரி சலித்திருப்பார். மேலே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கடைசியில் யாரோ ஒருவர் ஜீப் ஏறி அந்த இடத்துக்கே போயிருப்பார், ஓடையைப் பார்த்திருப்பார், வீட்டைப் பார்த்திருப்பார். காலிக் கட்டம் ஒரு மனிதனை அங்கே அழைத்துப் போயிருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பி, நான் அந்த வழியை மூடினேன்.

அந்தக் கோப்பை அத்தோடு விட்டேனா? இல்லை! 'நீலகிரியின் எல்லைகள், ஒட்டுப்போட்டுச் சீர்செய்தது, யாரும் ஒரே வரியில் ஏற்றிக்கொள்ளலாம்' என்று என் பெயர் போட்டு இணையத்தில் வைத்தேன். எங்கெங்கிருந்தோ மாணவர்கள் நன்றி எழுதினார்கள். இடைவெளியே இல்லாத எல்லை என்று புகழ்ந்தார்கள். இடைவெளியே இல்லை!... நான் சிரித்துக்கொண்டு நன்றிக்கு நன்றி எழுதினேன்.

எதிர்ச்சரிவில் கம்பங்கள் ஏறின. மேட்டில் நின்ற வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது. கம்பி ஓடைக்கு முன்பே நின்றது.

பாக்கியம் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டு, ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எங்க ஊடு காட்டுக்குள்ள இருக்குதாமா. மேப்புல அப்படித்தான் காட்டுதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நீங்க மேப்பு போடறவங்கதானுங்களே... கொஞ்சம் பாருங்கக்கா."

மடிக்கணினியைத் திறந்தேன். வேறென்ன செய்ய? வரைபடம் விரிந்தது. ஓடைக்கு நீலம், கிராமத்துக்கு மஞ்சள், காட்டுக்குப் பச்சை. நிறங்களைத் தேர்ந்தவளும் நானே. அவள் குனிந்து பார்த்தாள். விரலைத் திரைமேல் வைக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையசைத்தேன்.

"இது ஓடைங்களா?"

"ஆமா."

"அப்ப எங்க ஊடு இந்தாண்டதானே இருக்கோணும்? பச்ச எதுக்குங்கக்கா ஓடையத் தாண்டி வந்திருக்குது?"

அவள் விரல் சரியாக நான் இழுத்த புள்ளியின்மேல் இருந்தது. நகத்தில் தேயிலைக் கறை. விரலின் ஈரம் திரையில் சிறு வட்டமாகப் படிந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள்... ஒரு வாக்கியம் போதும். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

"எல்லையெல்லாம் மேல இருந்து வர்றது பாக்கியம்," என்றேன். "நான் வெறுமனே கலர் அடிக்கறவ."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். முகம் வாடியது. ஆனால் அடுத்து என்ன சொன்னாள் தெரியுமா?

"பாவம், உங்கள எதுக்குச் சங்கடப்படுத்தறேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இப்படிப் போட உட்டிருப்பீங்களா."

மனு கொடுக்கச் சொன்னேன். எழுதத் தெரியாதே என்றாள். அந்த மனுவை எழுதிக்கொடுத்தவளும் நானே! என்ன நடையில் எழுதினேன் தெரியுமா! மூச்சுக்கு ஏங்கும் ஒரு முதியவர், மூடிவைத்த ஓர் இயந்திரம், ஓடைக்கு இப்பால் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு வீடு... படித்தால் கல்லும் கரையும். என் குற்றத்துக்கு எதிராக நானே வக்கீல். எழுதி முடித்தபோது, என்னை மன்னித்துக்கொண்டேன்கூட! ஒரு மாலைப்பொழுது நிம்மதியாக இருந்தேன்.

சில நாட்களில் அதே அதிகாரி அழைத்தார்.

"மேடம், ஓடையோரமா ஒரு வீட்டுக்கு மனு வந்திருக்குதுங்க. அருமையா எழுதியிருக்காங்க, படிச்சுட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த இடத்துல எல்லை சரிதானுங்களா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, மாத்திடலாம்."

என் வாழ்க்கையில் எனக்காக ஒரு கதவு அவ்வளவு அகலமாகத் திறந்ததில்லை.

ஆனால் 'மாத்துங்க' என்றால், 'அப்போ மத்த இடமெல்லாம்?' என்று கேட்பாரே... நான் செய்த ஒவ்வொரு வரைபடத்தையும் புரட்டுவார்களே... இணையத்தில் என் பெயருக்குக் கீழே குவிந்த நன்றிகள் என்ன ஆகும்? இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் நினைத்தேன். அண்ணனை நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

"எங்களுக்கு வந்த மூலக்கோப்பே அப்படித்தாங்க இருக்குது," என்றேன்.

"சரிங்க, நீங்க சொன்னாச் சரி. நேர்ல ஒரு ஆள அனுப்பலாமான்னு பார்த்தேன்."

அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். மழை பலமாகப் பெய்கிறதே என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஆளை அனுப்பவில்லை.

அந்தக் குளிர்காலம் அண்ணனைப் படுக்கவைத்தது. பனி இறங்கும் மாலைகளில் அவரை உட்காரவைத்தே வைத்திருந்தாள் பாக்கியம். படுத்தால் மூச்சு கிடைக்கவில்லை. மகள் வந்தாள். மின்சாரம் உள்ள ஊருக்கு அழைத்துப்போகிறேன் என்றாள். பேச்சு முடிந்தது.

அவர்கள் கிளம்பிய நாளில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்... பிக்கப் வண்டியில் கட்டில், பாத்திரம், அந்த இயந்திரம். அண்ணன் முன்சீட்டில், கம்பளிக்குள், பாதி மனிதராக.

"வரும்போது கப்பல், பொறகு ரயிலு, இப்ப பிக்கப்பு," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "எந்த மண்ணுலயும் நம்மள நெலைக்க விட ஏலாது போல தங்கச்சி. ஆனா பாருங்க... ஒவ்வொரு தடவையும் வண்டி சிறுசாகிட்டே வருது!"

டிரைவர் சிரித்தான். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு காலத்தில் இரண்டு தேசங்கள் மேசையில் உட்கார்ந்து பேசி அவரை ஒரு கரையிலிருந்து பெயர்த்தன. இரண்டாம் முறை அவரைப் பெயர்க்க நான் ஒருத்தியே போதுமானவளாக இருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் எனக்குப் பகை. விளக்கேற்றும் வேளையில் எதிர்ச்சரிவில் ஒவ்வொன்றாக வெளிச்சம் பூக்கும். ஓடையோரத்தில் ஓரிடம் மட்டும் இருண்டு கிடக்கும். ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். திரைக்குப் பின்னால் அது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. எழுத உட்கார்ந்தால் ஒரு சொல்லும் வராது. கேட்பதெல்லாம் இருமல்... மழைச்சத்தத்துக்கு நடுவே, கூரைத் தகரத்தில், சில நேரம் என் தொண்டையிலேயே!

அதோடு முடிந்திருந்தால் இதை நான் விதி என்று சொல்லிப் புதைத்திருப்பேன்.

சென்ற ஆண்டு மழையளவு வரைபடம் ஒன்று செய்யும் வேலை வந்தது. பழைய கோப்புகளைத் தொட மனமில்லை. தேசம் முழுவதற்குமான எல்லைகள் ஒரே தொகுப்பாக இணையத்தில் கிடைக்கின்றன. எங்கோ இருக்கும் இளைஞர்கள் சிலர் இலவசமாகப் பராமரிக்கிறார்கள். நல்லது, யாரோ செய்த சுத்தமான எல்லை என்று நினைத்தேன். ஒரு வரி எழுதினேன். நீலகிரி எழுந்து நின்றது.

எதிர்ச்சரிவை மட்டும் பெரிதாக்கினேன். ஏன் பெரிதாக்கினேன் என்று தெரியாது.

ஓடை. ஓடையைத் தாண்டி இப்பால் மடங்கி நிற்கும் பச்சை. மடக்கிய முழங்கையைப் போல ஒரு கூர்முனை. இயற்கையில் எந்த எல்லையும் அப்படி மடங்காது. அது என் கை! என் பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. என் பிழை உதிரவில்லை.

வேறொரு தொகுப்பை ஏற்றினேன். அங்கேயும் முழங்கை. இன்னொன்றிலும் இருந்தது. பஸ் வழித்தடம் காட்டும் படத்திலும் இருந்தது. எவரெவரோ என் கோப்பை எடுத்து, வேறொன்றோடு சேர்த்து, அதை இன்னொருவர் எடுத்து... யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் ஒரே வரியில் ஏற்றியவர்கள்தாம், என்னைப் போல.

அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினேன். இந்த இடத்தில் எல்லை தவறு, திருத்துங்கள் என்று. மரியாதையாகப் பதில் வந்தது: சரிபார்த்தோம், கிடைக்கும் எல்லாத் தரவுகளும் ஒத்துப்போகின்றன, வேறு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள்.

எல்லாம் ஒத்துப்போகின்றன!... எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்? எல்லாம் ஒருத்தியின் கையல்லவா!

என்னிடம் மிஞ்சியிருந்ததும் ஒட்டிய பிரதிதான், மூலக்கோப்பு இல்லை. நான்தான் அந்தப் புள்ளியை இழுத்தேன் என்று எழுதினேன். முதல் முறையாக. அதற்கும் பதில் வந்தது: நன்றி, ஆனால் தனிநபரின் நினைவை ஆதாரமாக ஏற்க இயலாது, அரசு ஆவணம் தேவை.

அலுவலகத்துக்கே போனேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் சின்ன வயதுக்காரர். எல்லாவற்றையும் சொன்னேன், சோம்பல், மேகம், அழித்த குறிப்பு, போனில் சொன்ன பொய். அவர் தன் கணினியில் தட்டிப் பார்த்தார்.

"மேடம், எல்லா மேப்புலயும் அப்படித்தான இருக்குது," என்றார். "நீங்க ஒருத்தரு போட்டது எப்படிங்க எல்லாத்துலயும் வரும்? சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. அந்த வீட்டுல இப்ப யாரும் இல்லைங்களே. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு லைனு?"

தேநீர் வரவழைத்தார். குடித்தேன். ஒப்புக்கொண்டும் குற்றவாளியாக முடியவில்லை! என் பொய்யை ஒரு வார்த்தையில் நம்பினார்கள். என் உண்மைக்கு ஆவணம் கேட்கிறார்கள்.

அப்போதுதான் முடிவெடுத்தேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்லிவிடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் திருப்பூருக்குப் போன் செய்தேன். பாக்கியம் எடுத்தாள். பின்னால் அந்த இயந்திரத்தின் சீரான இரைச்சல்.

"அக்கா! நல்லாருக்கீங்களா? இவரு இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டு இருந்தாரு. இங்க வெக்கை தாங்கலைங்க. ரூமுல மெஷினு இருக்குது, மூச்சு இருக்குது, மலைதான் இல்லைன்னு சொல்லிட்டே இருப்பாரு."

"பாக்கியம், ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பச்ச எதுக்கு ஓடையத் தாண்டி வந்திருக்குன்னு கேட்டியே..."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. இடையில் அவள் எழுந்து எங்கோ நடந்தாள். இயந்திரத்தின் இரைச்சல் தேய்ந்து, தெருச்சத்தம் வந்தது. வெளியே வந்து நின்றிருக்கிறாள்.

"அக்கா," என்றாள் கடைசியில். "அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"நான் அவருகிட்டச் சொல்லத்தான்..."

"வேண்டாங்க. கவர்மெண்டு பண்ணிப்போட்டான்னு தெனமும் திட்டிட்டு இருக்காரு. திட்டட்டும். திட்டறப்பக் கொஞ்சம் தெம்பா இருக்குறாரு. நீங்கன்னு தெரிஞ்சா... அந்த மலையில அவருக்குன்னு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்க."

"உனக்கு என்மேல கோவம் இல்லையா பாக்கியம்?"

அவள் உள்ளே நடந்தாள். இரைச்சல் மீண்டும் நெருங்கியது.

"போன அவருகிட்டக் குடுக்கறேன்," என்றாள். "நல்லபடியாப் பேசுங்க."

"தங்கச்சி!" அதே குரல், இடையிடையே மூச்சு. "அங்க மழையா?"

"மழைதான் அண்ணே."

"நம்ம காம்பராவுக்கு லைன் இழுத்துட்டானுகளா?"

"இன்னும் இல்ல அண்ணே."

"அவனுகளால ஏலாது. எவன் போட்ட கோடோ, நாசமாப் போறவன்..." இருமினார். நான் காத்திருந்தேன். "நீங்க இருக்கீங்கதானே. படிச்ச ஆளு. நீங்க ஒருக்காப் பாத்துச் சொன்னா மாத்திருவானுக. லைன் வந்துட்டா நான் திரும்பி வந்துருவேன் தங்கச்சி. செய்வீங்கதானே?"

அவருக்குப் பக்கத்தில் பாக்கியம் அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. போனில் எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரிந்தது.

"செய்யறேன் அண்ணே," என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவரே கூப்பிடுகிறார். மழையா என்று கேட்கிறார். லைன் வந்ததா என்று கேட்கிறார். நானும் செய்யறேன் அண்ணே என்கிறேன். பாக்கியம்தான் எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுக்கிறாள் போலிருக்கிறது. என்னோடு அவள் அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை.